சிலம்பை உடைத்துப் பார்க்கலாமே!

   

வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பெண் பாலியல் புகார் சொன்னால், அதை நம்பி விசாரிப்பதா, சந்தேகப்பட்டு ஒதுக்குவதா? இதுதான் தலைப்பு. நம்பித்தான் விசாரிக்கணும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தார். "பொற்கொல்லன் பேச்சை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொன்றான். அதுமாதிரி அப்பாவி ஆண்கள் பலியாகணுமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனா, நண்பர் இடைவேளையிலேயே தியேட்டரை விட்டுக் கிளம்பிட்டார்! (சிரிப்பு)

மீதிக் கதையை நான் சொல்றேன். தலைவிரிகோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு கண்ணகி அரண்மனை வாசலுக்கு வந்தாள். அவள் குற்றம் சாட்டியது யாரை? ராஜாவையே! "நீ எப்படிப்பட்டவ? சாட்சி இருக்கா?" என்று வாசலிலேயே விரட்டினானா? உள்ளே வரச் சொன்னான். முறையீட்டைக் கேட்டான். தன் பக்க நியாயத்தையும் சொன்னான். சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். அவள் உடைத்தாள். முத்து இல்லை, மாணிக்கம் தெறித்தது! கோவலன் செத்தது விசாரணை நடக்காததாலே. கண்ணகி ஜெயித்தது விசாரணை நடந்ததாலே! (கைதட்டல்)

இது பழைய கதை என்பீர்கள். நடந்த கதைக்கு வருவோம். 1988இல் சண்டிகரில் ஒரு விருந்து. ரூபன் தியோல் பஜாஜ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி, தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதாக பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் மீது புகார் கொடுத்தார். 1989இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 1996இல் தண்டனை. அதை 2005இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மொத்தம் 17 வருஷம்! ஐ.ஏ.எஸ். அம்மாவுக்கே இந்த கதின்னா, மில்லில் துணி தைக்கிற பொண்ணு கதி என்ன?

"அப்பவே ஏன் சொல்லலை?" என்கிறார்கள். எப்படிச் சொல்லுவா? சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுறவரே அந்த ஆள்தான். வீட்டில் சொன்னா, "நீ வேலைக்குப் போனது போதும்" என்பார்கள். தப்புப் பண்ணினவன் ஆபீஸில் இருப்பான். புகார் சொன்னவ அடுப்படியில் இருப்பா! சட்டத்துக்கு இது புரிந்திருக்கிறது. புகார் கொடுக்க 3 மாதம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம்.

"பொய்ப் புகார் வந்தால்?" வரலாம். அதற்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு, தெரிந்தே பொய் சொன்னதாக விசாரணையில் நிரூபணமானால் நடவடிக்கை உண்டு. ஆனா, புகாரை நிரூபிக்க முடியலைங்கிறதாலேயே அது பொய் ஆகிவிடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மூடின அறையில் நடந்ததுக்கு யார் சாட்சி? மின்விசிறியா? (சிரிப்பு)

1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிமுறைகள்தான் பின்னால் இந்தச் சட்டமாக வளர்ந்தது. 10 பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு விசாரணைக் குழு இருக்கணும். தலைமை, மூத்த பெண் ஊழியருக்கு. வெளியாள் ஒருவரும் உண்டு. இரண்டு தரப்பையும் கேட்டு 90 நாளில் முடிக்கணும். இரண்டு பேர் பெயரும் வெளியே வரக்கூடாது. எதிரணி நண்பர்களே, இதில் அப்பாவி ஆணுக்கும் பாதுகாப்பு இருக்கா, இல்லையா? விசாரிக்காமல் ஒதுக்கின புகார் என்ன ஆகும்? கிசுகிசுவாகும். கிசுகிசுவில் இருந்து எந்த நல்லவனாவது வெளியே வர முடியுமா?

புகாரைக் காதுகொடுத்துக் கேட்க நம்பிக்கை வேண்டும். தீர்ப்புச் சொல்ல ஆதாரம் வேண்டும். இரண்டையும் குழப்பாதீங்க என்பதுதான் என் வாதம்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! உங்க பொண்ணு ஒருநாள் வேலையிலிருந்து வந்து, தயங்கித் தயங்கிப் பேச்சை ஆரம்பித்தால், "நீ என்ன பண்ணினே?" என்று கேட்காதீங்க. "என்னம்மா நடந்தது?" என்று கேளுங்க. முதல் கேள்வியில் அவள் வாய் மூடிப்போகும். இரண்டாவது கேள்வியில் உண்மை வெளியே வரும். நடுவர் அவர்களும் அப்படிக் கேட்டே நல்ல தீர்ப்புத் தர வேண்டும் என்று சொல்லி விடைபெறுகிறேன்.  (கைதட்டல்)