இரும்பு எப்போது உருகும்?



இரும்பின் உருகுநிலை 1538 டிகிரி செல்சியஸ் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். ‘சாதாரண வளிமண்டல அழுத்தத்தில்’ என்பதையும் சேர்த்து எழுதுகிறோமா? அது விடுபட்டால், புவியியல் பாடத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள். பெரும்பாலும் இரும்பாலான உட்கருவம் அதைவிடப் பல மடங்கு வெப்பமானது. ஆயினும் திடநிலையில் இருக்கிறது. “அங்கே போய் யார் டீச்சர் அளந்தாங்க?” என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

யாரும் போகவில்லை. உட்கருவம் இருப்பதையே 1936-இல் டென்மார்க்கின் இங்கெ லேமன் நிலநடுக்க அலைகளைக் கொண்டுதான் கண்டறிந்தார். அதன் எல்லையில் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 33 லட்சம் மடங்கு. அந்த நெருக்கத்தில் இரும்பு உருகுவதற்கு மிக அதிக வெப்பநிலை தேவை.

இதை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்? இரண்டு வைர முனைகளுக்கு நடுவே தூசியளவு இரும்பை வைத்து நெருக்குகிறார்கள். பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும். நாம் குண்டூசியைக் காட்டி நடத்தும் அதே பாடம்தான். வைரம் ஒளியை ஊடுருவ விடும் என்பதால், லேசரால் இரும்பைச் சூடாக்கி, அது உமிழும் ஒளியிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள்.

உருகியதை எப்படி அறிவது என்பதுதான் சிக்கல். 1993-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு, மேற்பரப்பில் தெரிந்த அசைவை அடையாளமாகக் கொண்டது. 2013-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் பார்த்தனர். படிகமாக இருக்கும்வரை தெளிவான வடிவம் கிடைக்கும். உருகியதும் அது கலங்கிவிடும். 22 லட்சம் மடங்கு அழுத்தம் வரை அளந்து, அங்கிருந்து 33 லட்சத்துக்குக் கணித்தார்கள். விடை, சுமார் 6000 டிகிரி. 500 டிகிரி கூடலாம், குறையலாம். பழைய விடையைவிட இது ஏறத்தாழ 1000 டிகிரி அதிகம். முன்பு கண்ட அசைவு உருகல் அல்ல, திடநிலையிலேயே படிகங்கள் மாறி அமைந்தது என்பது இவர்கள் தந்த விளக்கம்.

எது கண்டது, எது அளந்தது, எது கணித்தது என்று பிரித்துச் சொன்னால்தான் அந்த மாணவிக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். சோதனைக்குழாயில் மெழுகுத் துண்டுகளையும் வெப்பநிலைமானியையும் வைத்து, வெந்நீரில் இறக்குங்கள். மெழுகு எப்போது உருகியது என்று நான்கு குழுக்களும் தனித்தனியே குறிக்கட்டும். நான்கும் ஒன்றாக இருக்காது. ‘உருகியது என்று எதை வைத்துச் சொன்னாய்?’ என்று கேளுங்கள். பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.