இடாப்பில் நம் பெயர்

கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

சர்வஜன வாக்குரிமை இலங்கைக்கு வந்தது 1931இல். டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசால், 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள். ஆசியாவிலேயே நாம்தான் முன்னோடி என்று பெருமை பேசுகிறோம். பேசலாம். ஆனால் அந்தப் பெருமைக்குள்ளேயே இந்திய வம்சாவளியினரான நம் தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு தனி நிபந்தனை இருந்தது. இங்கேயே நிலையாகக் குடியிருப்பதை நிரூபி, அப்புறம் வாக்கு!

நிரூபித்தார்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஏழே ஏழு பேர்! அதையே பொறுக்க முடியவில்லை ஆள வந்தவர்களுக்கு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், பத்திரம் காட்டு என்றது. பாட்டனின் பிறப்புப் பத்திரம் எந்த லயத்து அறையில் ஐயா இருந்தது? அடுத்த ஆண்டே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழு, பூச்சியம் ஆனது. அந்த ஏழு பேரில் ஒருவராக 1947இல் நுவரெலியாவில் வென்ற தலைவர் தொண்டமான், மறுபடி மக்கள் வாக்கால் வெல்ல 1977 வரை காத்திருந்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். நம் வாக்கைப் பறித்தவர்கள் துப்பாக்கியோடு வரவில்லை. மக்கள் வாக்கால் சபைக்குப் போனவர்கள், சபையிலே வாக்கெடுத்துப் பறித்தார்கள். இடதுசாரிகள் எதிர்த்தார்கள், தமிழ்த் தலைவர் செல்வநாயகம் எதிர்த்தார். எண்ணிக்கை போதவில்லை.

இப்படி நாடற்றவராகிப்போன நம்மவரைப் பங்கிட, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம்! பங்கு பிரிக்கப்பட்டவர்களை யார் கேட்டார்கள்? நாடற்றவர் என்ற பட்டத்தைத் துடைக்க 2003இல்கூட ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் ஒரு தரமும் வாக்குச்சாவடி வாசலை மிதிக்காமலே மண்ணுக்குள் போய்விட்டார்கள்!

ஆகவே கேட்கிறேன். வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படும்போது உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து லயத்து அக்காவின் பெயரையும் பாருங்கள். நாளைக்கு இந்த நாட்டில் வேறொரு சிறு கூட்டத்தின் வாக்கில் எவராவது கைவைத்தால், அவர்கள் என்ன மொழி, என்ன மதம் என்று விசாரிக்காமல், முதல் எதிர்ப்புக் குரல் மலையகத்திலிருந்து எழ வேண்டும். 1948இல் நமக்குப் போதாமல் போன கைகள், நாளை இன்னொருவருக்குப் போதாமல் போகக் கூடாது.