சாலை மிதிவண்டிப் பயிற்சி: கருவியும் கவனமும்

(ஜமாஅத் இளைஞர்களின் வேண்டுகோளுக்கிணங்க ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நமது மஹல்லாவின் இளைஞர்கள் சிலர் விடுமுறை நாட்களில் மெல்லிய டயர் கொண்ட சாலை மிதிவண்டிகளில் ஏலகிரி மலையை நோக்கிப் புறப்படுவதை நாம் அனைவரும் காண்கிறோம். இது குறித்து மூன்று விதமான கேள்விகள் நம்மிடம் வருகின்றன. "வீட்டில் மோட்டார் வண்டி நிற்கும்போது இத்தனை பணம் கொடுத்துச் சைக்கிள் வாங்குவானேன்?" என்று பெரியவர்கள் கேட்கின்றனர். "எந்தச் சைக்கிள் நல்லது? வேகத்தை எப்படிக் கூட்டுவது?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். "நெடுஞ்சாலைக்குப் போன பிள்ளை நலமாகத் திரும்புவானா?" என்று தாய்மார்கள் கேட்கின்றனர். இம்மூன்றில் தாய்மார்களின் கேள்வியே மிக முக்கியமானது. எனினும் வரிசையாகவே விடை காண்போம்.

முதலாவதாக, வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் கூறியுள்ளது. கடையிலும் அலுவலகத்திலும் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் நமக்கு இது எளிதன்று. மிதிவண்டியில் உடலின் எடையைச் சீட்டே தாங்குவதால், ஓடுவதைக் காட்டிலும் மூட்டுகளுக்கு அதிர்ச்சி குறைவு. ஆகவே இது இளைஞர்களுக்கு மட்டுமன்றி, நாற்பதைக் கடந்த நமக்கும் பொருந்தும் பயிற்சியாகும்.

அடுத்து, கருவியைப் பற்றிப் பார்ப்போம். மிதிவண்டி வாங்கும்போது விளம்பரத்தைப் பாராமல் பற்களை எண்ணிப் பாருங்கள். முன்புறம் 50 பல், 34 பல் கொண்ட இரு சக்கரங்களும், பின்புறம் 11 முதல் 32 பல் வரையிலான அடுக்கும் இருந்தால் தொடக்க நிலையினருக்கு அதுவே போதுமானது. முன்னே 34, பின்னே 32 என்று வைத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 80 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிச் சாலையில் முழங்காலை வருத்தாமல் ஏறுவதற்கு இத்தகைய இலகுவான கியர் தேவை. பந்தய வீரர்களைப் பார்த்துக் கடினமான கியரை வாங்குவோர் பாதி மலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேரிடும்.

இலகுவான கியரை இழிவாகக் கருதும் மனநிலை பழமையானது. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற 'டூர் தெ பிரான்ஸ்' பந்தயம் 1903இல் தொடங்கியது. ஆனால் செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவி அங்கு 1937 முதல்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர். கியர் இருப்பது வீரத்திற்குக் குறைவு என்று அன்று கருதியோர் உண்டு. இன்று அதே பந்தயத்தில் கியர் இல்லாமல் எவரும் வருவதில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு சிறு கணக்கைக் கூறுகிறோம். மிதிப்பவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் எடுக்கும் மலையேற்றத்தில், வண்டியின் எடையை ஒரு கிலோ குறைத்தால் மிச்சமாவது ஏறத்தாழ 45 வினாடிகளே. அந்த ஒரு கிலோவைக் குறைப்பதற்காக அலுமினியத்தை விட்டுக் கார்பனுக்கு மாறினால் பல்லாயிரம் ரூபாய் செலவாகும். வயிற்றுப் பகுதியில் ஒரு கிலோ குறைந்தாலும் அதே 45 வினாடிகள் கிடைக்கும், அதற்குச் செலவில்லை. எனவே கடன் வாங்கியோ, தவணை கட்டியோ விலையுயர்ந்த வண்டி வாங்க வேண்டாம் என்று இளைஞர்களை வலியுறுத்துகிறோம். நல்ல அலுமினிய வண்டியும், உறுதியான பிரேக்கும், தரமான டயரும் போதும். முன்பு 23 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கல் போல் இறுக்கி அடிப்பதே வழக்கமாக இருந்தது. இன்று பந்தய வீரர்களே 28 மில்லிமீட்டர் டயருக்கு வந்துவிட்டனர். சற்று அகன்ற டயரில் அளவான காற்று இருந்தால், நமது சாலைகளில் குலுக்கல் குறையும், வேகமும் குறையாது.

உடலுக்கேற்ற அளவும் அவசியம். சீட்டில் அமர்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மீது வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறையச் சரியென்று கொள்ளலாம். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வாக இருக்கிறது. இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட்டு மிக உயரம்.

இனி வேகத்தைப் பற்றிக் கூறுவோம். சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லும்போது, நமது உழைப்பின் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. 25இலிருந்து 30ஆக வேகத்தைக் கூட்டக் காற்றுக்கெதிரான உழைப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு அதிகரிக்க வேண்டும். ஆகையால் முழங்கையை மடக்கி உடலைத் தாழ்த்துவதும், காற்றில் படபடக்கும் சட்டையைத் தவிர்ப்பதும் செலவில்லாத முன்னேற்றமாகும். பயிற்சியில் பெரும்பங்கு, அருகிலிருப்பவரிடம் தடையின்றிப் பேசக்கூடிய நிதானத்தில் அமைய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும், நான்கு நிமிடம் கடினமாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் என நான்கு முறை மிதித்தால் போதுமானது. தினமும் முழு மூச்சில் மிதிப்பவர் முன்னேறுவதில்லை, களைத்துப் போகிறார். உடல் வலுப்பெறுவது ஓய்வில்தான்.

ஒன்றரை மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் உள்ளது. நீரிழிவு நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் சகோதரர்கள், மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். வழியில் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் அபாயம் உண்டு. குளுக்கோஸ் பொட்டலமும் நோய் விவரச் சீட்டும் அவர்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தால் அவ்விடத்திலேயே நிறுத்த வேண்டும்.

போட்டி மனப்பான்மையின்றி ஓர் இலக்கு வேண்டுவோர் 'பிரெவே' எனப்படும் நெடுந்தூரப் பயணங்களில் கலந்துகொள்ளலாம். இந்தியாவிலும் இவை நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திற்குள் கடக்க வேண்டும். 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம். இங்கு முதலிடம், இரண்டாமிடம் என்பதில்லை. முந்தி வந்தவரும் பிந்தி வந்தவரும் காலத்திற்குள் முடித்தோரே. இரவில் முன்விளக்கும் பின்விளக்கும் ஒளி பிரதிபலிக்கும் மேலாடையும் அங்கு கட்டாயம்.

தாய்மார்களின் கேள்விக்கு வருவோம். 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம், பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலேவ் கீழே விழுந்து, தலைக்காயத்தால் மறுநாள் உயிரிழந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவரது மரணத்திற்குப் பின்னரே தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. தேர்ந்த வீரரின் கதியே இதுவென்றால், லாரிகளுக்கு நடுவே செல்லும் நமது பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்வது? ஆகவே நாம் சில நிபந்தனைகளை முன்வைக்கிறோம்.

தலைக்கவசமின்றி எவரும் புறப்படக் கூடாது. அதிகாலைத் தொழுகை முடிந்ததும் கிளம்புவோர் வெளிச்சம் பரவும் வரை பொறுத்திருப்பது நலம். முடியாவிடில் விளக்குகள் இன்றிச் சாலையேறக் கூடாது. பெங்களூர் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, கிராமச் சாலைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காதுகளில் பாட்டுக் கருவி கூடாது. மலையிறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்; வளைவுக்குள் சென்ற பின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சறுக்கும். தனியே செல்லாமல் இருவராகவேனும் செல்ல வேண்டும். எந்த வழியில் சென்று எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டே செல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் கேட்கும் வண்டியின் விலையில் ஒரு பகுதியைக் குறைத்து, அத்தொகையில் தலைக்கவசமும் விளக்கும் வாங்கிக் கொடுங்கள். இயன்றால் நீங்களும் ஒரு சாதாரண சைக்கிளை எடுத்துக்கொண்டு, அவர்களுடன் பத்து கிலோமீட்டர் சென்று வாருங்கள். உடலும் தேறும், பிள்ளை எந்தச் சாலையில், யாருடன் போகிறான் என்பதும் தெரியவரும்.