அப்பா கீழே வைத்த பறை

(பறைப் பயிற்சி முகாமின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆறு மாசத்துக்கு முன்னால பறையும் வராது. ஞாயிறுதோறும் இந்தத் திடலுக்கு வந்துதான் கத்துக்கிட்டேன்.

முதல் நாள் வந்ததும் குச்சியைக் கேட்டேன். ஆசான் தரவில்லை. 'மொதல்ல வைக்கோலக் கொளுத்து, பறையக் காய்ச்சு' என்றார். மரக்கட்டை வளையத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய மாட்டுத்தோல். சூடு ஏறினால்தான் தோல் விறைக்கும். சத்தம் கணீரென்று வரும். கூட வந்த நண்பர் ஒருவர் தோலைத் தொடத் தயங்கினார். ஆசான் ஒண்ணும் பேசவில்லை. அவர் கையிலேயே பறையைக் கொடுத்து நெருப்புப் பக்கம் நிறுத்தினார்.

பிறகுதான் குச்சி. இடக்கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. கை ஓடினால் கால் நின்றது. கால் ஓடினால் கை நின்றது. வட்டத்தில் எதிர்த்திசையில் போய் ஒரு அக்கா மேல் மோதினேன். 'பக்கத்து ஆள் காலப் பாரு தம்பி, உங் காலு தானா வரும்' என்றார். சாவுக்கு அடித்த காலத்தில் பறை பெரும்பாலும் ஆண்கள் கையில்தான் இருந்தது. இன்று எனக்கு அடி சொல்லித்தருவது அந்த அக்காதான்.

ஆனால் வீட்டில் ஒரு கேள்வி காத்திருந்தது. எங்கப்பா, ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்தவர். அதற்காகக் காட்டுவேலை போச்சு, கடையில் சாமான் கிடைக்கல. 'நான் தூக்கிப் போட்டத நீ எடுத்துட்டு வர்றியாடா?' என்றார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது சொல்கிறேன். பறையை மறுத்த சேரிகளும் உண்டு. பறையை மேடையேற்றிய தலித் கலைக்குழுக்களும் உண்டு. இரண்டும் ஒரே போராட்டம்தான். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் அதற்குக் கைதட்டுகிறவன், தன் ஊர்ச் சாவுக்குச் சேரிக்கு ஆள் விட்டு 'வந்து அடிங்கடா' என்றால், அங்கே பறை கலை இல்லை, அடிமை ஊழியம்.

புதிதாக வருகிற மாணவர்களுக்கு ஒன்று. தப்பா அடிங்க, பரவால்ல. காய்ச்ச வராமல் ஆட மட்டும் வராதீங்க. அடிக்க மாட்டேன்னு சொன்னவங்க கதையையும் கேட்டுட்டு வாங்க.

போன வாரம் அப்பா திடலுக்கு வந்தார். வட்டத்துக்கு வெளியே நின்று பார்த்தார். குச்சியை நீட்டினேன், வாங்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை. மறுப்பது அவர் போராடி வாங்கிய உரிமை. அந்த உரிமை இருப்பதால்தான் நான் இங்கே ஆட முடிகிறது.