"நாளை வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டால்...

(கோட்டாறில் வியாபாரிகளும் கடை ஊழியர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

  

கோட்டாறு, தக்கலை, குளச்சல் கடைவீதிகளில் முதலாளியும் ஊழியரும் பல நேரங்களில் ஒரே ஜமாஅத்தினர். ஒரே வரிசையில் நின்று தொழுகிறவர்கள். அதனாலேயே நம்மிடம் எதுவும் எழுத்தில் இருப்பதில்லை. "நம்ம பையன்தானே" என்கிறார் முதலாளி. "நம்ம காக்காதானே" என்கிறான் பையன். ஒரு நாள் மனக்கசப்பு வருகிறது. "நாளை வரவேண்டாம்" என்ற ஒரு சொல்லில் பல வருட உழைப்பு முடிந்துபோகிறது.

கூலி விஷயத்தில் மார்க்கம் சொல்வதை ஆலிம்கள் நிறையவே சொல்லியிருக்கிறார்கள். நான் சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்வி: அப்படி வாய்வார்த்தையில் நிறுத்தலாமா? கூடாது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 41ஆவது பிரிவு இருக்கிறது. தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும்.

"கல்லாவில் கை வைத்தவனுக்குமா?" என்று வியாபாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முறையாக விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்து, குற்றம் உறுதியானால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆகவே குற்றச்சாட்டை எழுதிக் கொடுங்கள். விளக்கத்தை எழுதி வாங்குங்கள். வெறும் சந்தேகத்தின் பேரில் ஒருவனைத் திருடன் என்று ஊரறியச் சொன்னால், அவனுக்கு அடுத்த கடையிலும் வேலை கிடைக்காது.

இரண்டாவது கேள்வி: கணக்கு முடிப்பது எப்போது? 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. வேலையை விட்டு நீக்கினாலும், அவரே விலகினாலும், பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். "பெருநாள் கழித்து வா" என்று அலைக்கழிக்க இடமில்லை.

பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் 5 வருடம் பணியாற்றியவருக்குப் பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய வருடங்களால் பெருக்குங்கள். 13,000 ரூபாய் சம்பளத்தில் 10 வருடம் உழைத்தவருக்கு 75,000 ரூபாய். இது முதலாளி மனமிரங்கித் தரும் அன்பளிப்பல்ல, அவருடைய உரிமை.

மூன்றாவது கேள்வி: ஜமாஅத்தில் பேசித் தீர்க்கலாமா? தாராளமாக. ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். "அடுத்த வெள்ளி பேசலாம்" என்று ஜமாஅத்தில் தள்ளிப்போடுவதால் அந்தக் கெடு நின்றுவிடாது. பேச்சு ஒருபுறம் நடக்கட்டும். மனுவைக் காலத்தில் கொடுத்து வையுங்கள். சமாதானம் ஆனால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

இளைஞர்களே! வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளத்தை இயன்றவரை வங்கிக் கணக்கில் கேட்டு வாங்குங்கள். வேலையில் சேர்ந்த தேதிக்கு ஒரு சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரிகளே! நாளைக்கே ஒரு சம்பளப் பதிவேடு வாங்கி, ஒவ்வொருவர் பெயரையும் சேர்ந்த தேதியையும் எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. சரக்குக்கு எழுதுகிறோம், மனிதனுக்கும் எழுதுவோம்.