ஈரலை மறவாதிருப்போம்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



செங்கமாரி என்றவுடன் கண் மஞ்சளாவதே நம் நினைவுக்கு வரும். கண் மஞ்சளாகாமலே, பல ஆண்டுகள் ஈரலிற் குடியிருக்கும் நோயும் உண்டு. அதுவே நாட்பட்ட 'பி' வகை ஈரலழற்சி. இக்கிருமியின் அடையாளத்தைக் கண்டறிந்த அமெரிக்க அறிஞர் புளும்பேர்க் 1976இல் நோபல் பரிசு பெற்றார். 2022இல் உலகில் 25 கோடியே 40 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் நாட்டில் இது குறைவு. 2003 முதல் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் போடப்படுகிறது. ஆயினும் அதற்கு முன் பிறந்த நம்மிற் பலர் குழந்தைப் பருவத்தில் அதனைப் பெற்றவர்கள் அல்லர்.

நல்ல மருந்துகள் வந்தமையால் இந்நோயாளர் இன்று நெடுநாள் வாழ்கின்றனர். வயது ஏறும்போது மற்றவர்களுக்கு வரும் நோய்கள் அவர்களுக்கும் வருகின்றன. அங்கேதான் சிக்கல்.

வெள்ளவத்தையில் வாழும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சலரோகத்துக்கு ஒரு வைத்தியர், மூட்டு வாதத்துக்கு வேறொரு வைத்தியர். ஈரலிலுள்ள கிருமியைப் பற்றி இருவரிடமும் அவர் வாய் திறப்பதில்லை. விளைவு என்ன?

சலரோகமும் உடற்பருமனும் ஈரலிற் கொழுப்பைச் சேர்க்கும். கிருமியால் முன்னமே நொந்த ஈரல் மேலும் நோகும். ஈரற் புற்றுநோயின் அபாயமும் கூடும். மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாதத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகள் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவன; அப்போது உறங்கிக் கிடந்த கிருமி சீறி எழலாம். கசரோக மருந்துகளிற் சில ஈரலைத் தாக்கக் கூடியவை. மறுபுறம், கிருமியை அடக்கத் தரப்படும் தெனோபோவிர் என்னும் மருந்தின் பழைய வகை சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கும். பிரசராலும் சலரோகத்தாலும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வைத்தியர் வேறு மருந்தைத் தெரிய முடியும். ஆனால், உண்மை தெரிந்தால் அல்லவா அது முடியும்!

ஏன் மறைக்கிறோம்? கல்யாணப் பேச்சுக் குழம்பும், அயலார் ஒதுக்குவர் என்ற அச்சம். ஒரே பந்தியில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ இது தொற்றாது. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குமே தொற்றும். மணம் முடிக்கவிருக்கும் துணைக்கு உண்மையைச் சொல்லித் தடுப்பூசி போடுவித்தால் அவரும் காக்கப்படுவார்.

கீழ்க்காய்நெல்லியை நம்பியிருப்போருக்கும் ஒரு சொல். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர், புளும்பேர்க்கும் உடன்சேர, அம்மூலிகையை ஆராய்ந்து நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டனர். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. ஆகவே அதனை நம்பி மருந்தை நிறுத்துதல் ஆபத்து. திடீரென நிறுத்தினாலும் கிருமி சீறும்.

இளைஞர்களே, ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கிருமி இல்லையெனில், தடுப்பூசி வேண்டுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். இருந்தால், பல் பிடுங்குபவர் உட்பட எந்த வைத்தியரிடம் சென்றாலும் முதல் வார்த்தையாக அதனைச் சொல்லுங்கள். பெரியோர்களே, அப்படிச் சொல்பவரைக் கூசாமல் நம் வீட்டுப் பந்தியில் அமர்த்துங்கள். சொல்ல இடமிருந்தால்தான் சொல்லத் துணிவு வரும். அவ்விடத்தை நாமே ஆக்குவோம்.