மின்னலின் பெயரும் சீப்பின் மின்னூட்டமும்



மின்னூட்டம் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். இஃது அறிவியல் வகுப்புக்குரிய பொருளாயிற்றே, மொழி அவையில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் எண்ணக்கூடும். ஒரு பொருளை விளங்கிக்கொள்ள அதன் பெயர் துணைபுரிவதும் உண்டு, வழிமறிப்பதும் உண்டு. இரண்டையும் ஒருசேரக் காட்டுவதற்கு மின்னூட்டம் நல்ல சான்றாகும்.

மரப்பிசின் மண்ணுள் பன்னெடுங்காலம் புதைந்து கல்போல் இறுகியது அம்பர். அதனைத் துணியில் தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அவர்கள் மொழியில் அம்பரின் பெயர் எலெக்ட்ரோன். கண்ணாடி, கந்தகம் முதலியனவும் அவ்வாறே ஈர்ப்பதைக் கண்ட வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர், 1600ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அப்பண்பை அம்பரின் பெயராலேயே சுட்டினார். எலெக்ட்ரிசிட்டி என்னும் சொல் அவ்வழி வந்ததே. வானத்து மின்னலும் அதே இயல்பினது என்பது 1752இல்தான் மெய்ப்பிக்கப்பட்டது. பெஞ்சமின் பிராங்கிளின் வகுத்துரைத்த முறைப்படி, பிரான்சு நாட்டில் உயர்ந்த இரும்புக் கம்பியொன்றை நட்டு, இடிமேகம் கடந்தபோது அதிலிருந்து தீப்பொறியைப் பெற்றனர்.

தமிழின் வழி வேறு. மின் என்பது மின்னலைக் குறிக்கும் பழஞ்சொல். அதனை முதலாகக் கொண்டே மின்சாரம், மின்னூட்டம் ஆகிய புதுச்சொற்கள் ஆக்கப்பட்டன. ஐரோப்பியர் துரும்பிலிருந்து வானத்துக்கு ஏறினர். தமிழ் மாணவரோ வானத்திலிருந்து துரும்புக்கு இறங்கவேண்டியுள்ளது. சீப்பு காகிதத் துணுக்கை ஈர்க்கும்போது அங்கே மின்னுவது எதுவும் இல்லையே, அதனை ஏன் மின் என்கிறோம்? இவ்வினாவை ஆசிரியர் தாமே எழுப்புதல் வேண்டும்.

எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுக்கருவில் நேர்மின்னூட்டமுடைய புரோட்டான்களும், அதனைச் சூழ எதிர்மின்னூட்டமுடைய எலெக்ட்ரான்களும் உள்ளன. இரண்டும் சமமாக இருக்கும்வரை பொருள் நடுநிலையில் இருக்கிறது. உலர்ந்த தலைமுடியை நெகிழிச் சீப்பால் வாரும்போது, முடியிலுள்ள எலெக்ட்ரான்கள் சில சீப்புக்கு மாறுகின்றன. சீப்பு எதிர்மின்னூட்டமும், முடி அதே அளவு நேர்மின்னூட்டமும் அடைகின்றன. ஒரு கூலோமில் நூறு கோடியில் ஒரு பங்கே சீப்பில் சேர்ந்தாலும், இடம்பெயர்ந்த எலெக்ட்ரான்கள் 600 கோடிக்கு மேற்பட்டவை.

இங்கேதான் சொல் வழிமறிக்கிறது. ஊட்டம் என்றவுடன், தேய்த்ததனால் ஏதோ புதிதாக உண்டாகி உள்ளே புகுத்தப்பட்டது என மாணவர் கருதக்கூடும். புதிதாக உண்டானது எதுவுமில்லை. ஒன்று இழந்ததை மற்றொன்று பெற்றது. மொத்தக் கணக்கு மாறவில்லை. இதுவே மின்னூட்ட மாறாமை விதி.

மற்றோரிடத்தில் தமிழ்ச்சொல் கைகொடுக்கிறது. கூட்டல், கழித்தல் என்னும் பெயர்களை 1747இல் வழங்கியவர் பிராங்கிளின். மின் என்பது ஒரே பாய்மம் என்றும், அது மிகுந்தால் கூட்டல், குறைந்தால் கழித்தல் என்றும் அவர் கொண்டார். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தபோது, அது கழித்தல் பக்கத்துக்கு உரியதாக இருந்தது. ஆகவே எலெக்ட்ரானை மிகுதியாகப் பெற்ற பொருளுக்குக் கழித்தல் குறி வாய்த்தது. பெற்றதற்கு ஏன் கழித்தல் என்று மயங்கும் மாணவர்க்கு, எதிர் என்னும் சொல்லைச் சுட்டுங்கள். அது குறைவைச் சொல்லவில்லை; நேருக்கு எதிர் நிற்பதையே சொல்கிறது.

மலேசியா, சிங்கப்பூர் வகுப்பறைகளில் சீப்புச் சோதனை பல வேளைகளில் பயன் தருவதில்லை. காற்றிலுள்ள ஈரம் பொருள்களின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சேர்ந்த மின்னூட்டத்தைக் கசியவிடுவதே காரணம். குளிரூட்டிய அறையில், எண்ணெய்ப் பசை நீங்கக் கழுவி உலர்த்திய சீப்பைக் கொண்டு செய்து பாருங்கள்; காகிதம் துள்ளும்.

அதே ஈரக்காற்றுதான் பிற்பகலில் இடிமேகமாய் எழுகிறது. மேகத்தின் உயரத்தில் பனித்துகள்களும் மென்மையான ஆலங்கட்டிகளும் மோதிப் பிரிகின்றன. இலேசான துகள்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டத்துடன் மேலே செல்ல, கனத்தவை எதிர்மின்னூட்டத்துடன் கீழே தங்குகின்றன. இப்பிரிவு மிகுந்து காற்று தாங்கமாட்டாத நிலையில் மின்னல் பாய்கிறது. அதன் மின்னோட்டம் 30,000 ஆம்பியர் அளவை எட்டுவதுண்டு. மேகம் செய்வதும் சீப்பு செய்வதும் ஒன்றே: தொட்டுப் பிரிதல். சீப்பின் செயலை மின் என்று அழைப்பது இதனால் பொருந்துகிறது.

இவ்வுண்மை உயிரைக் காப்பதுமாகும். 1753இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இடிமேகத்தை ஆராய்ந்த ரிச்மன் என்னும் அறிஞர் மின்னல் தாக்கி இறந்தார். சீப்பில் விளையாட்டாகத் தோன்றுவது வானில் அத்தகையது. திடலில் மாணவர் இருக்கையில் இடியோசை கேட்டால், மரத்தடியில் ஒதுங்கவிடாமல் கட்டடத்துள் அழைத்துச் செல்லுங்கள்.

கலைச்சொல்லை ஆக்கித் தருவது அறிஞர் கடன். அச்சொல் எங்கே பொருளைக் காட்டுகிறது, எங்கே மறைக்கிறது என்று எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். ஏன் இப்பெயர் என்று கேட்பது மாணவர் கடன். இம்மூன்றும் கூடினால் தமிழில் அறிவியலைக் கற்கவும் முடியும். தமிழிலேயே சிந்திக்கவும் முடியும்.